சேர்மன் பங்க்கை மன்னித்தார்

ஒர்க்‌ஷாப்பிலிருந்து எஸ்டிமேட் வந்ததும் சேர்மன் செய்த முதல் காரியம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது. மாட்டிப் பார்த்தார். மறுபடி கழற்றித் துடைத்தார். கண்ணாடி பளிச்சென்று ஆன பிறகும் போனில் தெரிந்த தொகையிலிருந்து ஒரு பூஜ்யம்கூட உதிரவில்லை.

"கொள்ளை. பட்டப்பகல் கொள்ளை."

எதிரே உட்கார்ந்திருந்த மனைவி, காய்ந்த ரொட்டித் துண்டை இடது பக்கமாக ஒதுக்கி மென்றுகொண்டிருந்தாள். வலது பக்கம் மெல்ல வழியில்லை. கீழே இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிய இடம் காலியாகக் கிடந்தது. புதுப்பல் கட்ட அவளே சம்பாதித்துச் சேர்த்த பணம் வங்கியில் இருந்தது. பல் டாக்டரிடம் அடுத்த வியாழக்கிழமைக்கு நேரமும் வாங்கியாகிவிட்டது. சேர்மனின் பார்வை போனை விட்டு மெதுவாக எழுந்து, மேஜையைக் கடந்து, அவள் வலது கன்னத்தில் வந்து நின்றது.

"ஏம்மா, உன் பல்லு... அது ஒண்ணும் அவசரமில்லையே?"

அவள் இன்னொரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். ஒரு பக்கமாக மெல்வதில் இது ஒரு வசதி. பதில் தாமதமானால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

அவர் எதற்கும் சேர்மன் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். அந்த அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் உண்மையான தலைவர் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது, கொஞ்ச காலம் அவருடைய நாற்காலியில் இவர் உட்கார்ந்தார். தலைவருக்குக் குணமாகிவிட்டது. இவருக்குத்தான் இன்னும் குணமாகவில்லை. தன்னைத் தானே சேர்மன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மற்றவர்களும், மறுத்துப் பேசினால் நேரமாகும் என்று, அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். அலுவலகத்தில் அவர் துணை மேலாளர். அவருக்குக் கீழே ஒரே ஒரு ஆள்.

மனைவி ஒரு துணிக்கடையின் பின்னறையில், வாங்கிய பேண்ட்டுகளை ஆளுக்குத் தக்கபடி பிரித்துத் தைக்கும் வேலை பார்த்தாள். "சும்மா பொழுதுபோக்குக்குப் போறா" என்பார் சேர்மன். அந்தப் பொழுதுபோக்கில் அவளுக்கு ஆண்களைப் பற்றி ஒரு தெளிவு ஏற்பட்டிருந்தது. இடுப்பளவைக் கேட்டால் எல்லாரும் குறைத்துத்தான் சொல்வார்கள். பட்டன் தெறித்து வந்தால் துணி சரியில்லை என்பார்கள்.

காருக்கு நடந்தது இதுதான். போன வாரம் இருவரும் கடைத்தெருவுக்குப் போகிற வழியில் பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினார். அங்கே வேலைக்கு ஆள் இருந்தது. ஆனால் அடுத்தவன் கை பட்டால் அளவு குறையும் என்பது சேர்மனின் கொள்கை. தானே இறங்கினார். காதில் மாட்டிய ஹெட்செட்டில், தனக்குக் கீழே இருக்கும் அந்த ஒரே ஆளுக்குப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது.

"கவனம் வேணும்ப்பா. கவனம்தான் எல்லாம். நான்லாம் ஒரு வேலையத் தொட்டேன்னா, கண்ணை மூடிட்டுச் செஞ்சாலும் தப்பு வராது," என்று சொல்லிக்கொண்டே பச்சைக் குழாயை எடுத்தார்.

அவள் காரின் கண்ணாடியை இறக்கினாள். "என்னங்க, நம்மளுது டீசல் வண்டியாச்சே. கறுப்புக் குழாய் இல்ல?"

சேர்மன் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையை அவள் முகத்துக்கு நேரே உயர்த்தி, உள்ளங்கையைக் காட்டினார்.

அந்த உள்ளங்கையை அவளுக்கு நன்றாகத் தெரியும். கைரேகை பார்க்கிறவனுக்குக்கூட அவ்வளவு தெரியாது. டிவியில் செய்தி ஓடும்போது, அவர் கணக்குப் போடும்போது, கணக்குத் தப்பாகும்போது, விருந்தாளிகள் முன்னால் அவள் வாயைத் திறக்கும்போது எல்லாம் அது எழும். கல்யாணமான நாளிலிருந்து அவள் பேச நினைத்ததில் பாதி அந்தக் கையில் முட்டித் திரும்பியிருக்கிறது. அன்றைக்கும் கண்ணாடியை ஏற்றிவிட்டு முன்னால் பார்த்து உட்கார்ந்தாள்.

வண்டி கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு இருமியது, குலுங்கியது, நின்றது. அப்போதாவது விட்டிருக்கலாம். சேர்மன் விடாமுயற்சியில் நம்பிக்கை உள்ளவர். சாவியைத் திருகு திருகென்று திருகி, உள்ளே போகாமல் மிச்சமிருந்த இடத்துக்கும் பெட்ரோலை அனுப்பிவைத்தார்.

இழுவை வண்டியில் வீடு வந்து சேர்வதற்குள்ளேயே குடியிருப்போர் குழுவில் செய்தி போட்டுவிட்டார்: "டீசலில் பெட்ரோல் கலப்படம்! நேரடியாகப் பாதிக்கப்பட்டவன் என்ற முறையில் எச்சரிக்கிறேன். இதை நான் சும்மா விடப்போவதில்லை." கீழே கும்பிடும் கைகளும் கொதிக்கும் முகங்களும் வரிசையாக வந்து விழுந்தன. கீழ்த்தளத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற வக்கீலுக்கு வழக்கு என்று ஒன்று வாடை காட்டி வெகு காலமாயிற்று. அவர், "உங்கள் போராட்டம் எங்கள் போராட்டம்" என்று எழுதினார்.

எஸ்டிமேட் வந்த அன்று மாலை இருவரும் ஒர்க்‌ஷாப்புக்குப் பஸ்ஸில் போனார்கள். உள்ளே வண்டிகளைவிட சோபாக்கள் அதிகம். டை கட்டிய ஒரு இளைஞன் எழுந்து வந்து, தான் வாடிக்கையாளர் உறவு அதிகாரி என்றான். அவன் பேண்ட்டின் அடிமடிப்பு பிரிந்து, ஸ்டேப்ளர் பின் குத்திப் பிடித்து நிறுத்தப்பட்டிருந்ததை அவள் கண்கள் உடனே கண்டுபிடித்தன.

"காபி சாப்பிடறீங்களா சார்? நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர்."

"குடும்பத்துல ஒருத்தனுக்குப் போடற எஸ்டிமேட்டாப்பா இது?"

"சார், இன்ஜெக்டர் போச்சு, பம்ப் போச்சு, அந்த பம்ப் அரைஞ்ச இரும்புத் தூள் லைன் பூராப் போயிருக்கு. டீசல் வண்டில பெட்ரோல் போட்டுட்டு ஸ்டார்ட் பண்ணாம இருந்திருந்தா, டாங்க்கை மட்டும் கழுவி விட்டிருப்போம். சில்லறைச் செலவோட முடிஞ்சிருக்கும்."

"போடல. கலந்திருக்காங்க," என்றார் சேர்மன்.

"கலந்த மாதிரி இல்ல சார். டாங்க்ல பாதி சுத்தமான பெட்ரோல்."

"கலப்படம்னா அப்படித்தான்ப்பா. தாராளமாப் பண்ணியிருக்கான்."

இளைஞன் அவளைப் பார்த்தான். அவள் ஸ்டேப்ளர் பின்னைப் பார்த்தாள். யார் போட்டால் என்ன, பில் ஒன்றுதான் என்ற முடிவுக்கு வந்தவன்போல் அவன் மூன்று வழி சொன்னான். எல்லாம் புதுசாக மாற்றலாம். பழைய வண்டியில் கழற்றிய சாமான் போடலாம், ஆனால் பொறுப்பேற்க முடியாது. இல்லையென்றால் இருக்கிற நிலையிலேயே வண்டியை விற்றுவிடலாம், எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

"விக்கிறதா? என் அந்தஸ்துக்கு நான் பஸ்ல போறதா?" பஸ்ஸில் வந்து இறங்கிக் கால் மணி நேரம்கூட ஆகாதவர் கேட்டார். "புதுசாவே மாத்துங்க. பணம் ஒரு விஷயமே இல்ல."

வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்தினார். "உன் பல்லுப் பணத்தைத் தற்காலிகமா எடுத்துக்கறேன். இந்த பங்க்காரன்கிட்ட நஷ்டஈடு வாங்கினதும், ஒரு பல்லு இல்ல, வாய் பூராத் தங்கத்துலயே கட்டிக்கலாம்."

"இருக்கற பல்லு போதும். போன ரெண்டு வந்தாச் சரி," என்றாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

சனிக்கிழமை மாலை சங்கத்தின் கூட்டம், கார் நிறுத்தும் அடித்தளத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் நடந்தது. சேர்மனின் கார் நிற்கும் இடம் காலியாக இருந்ததால் அங்கேயே போட்டார்கள். தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றிய கூட்டம்தான். சேர்மன் அதை ஊழல் எதிர்ப்பு மாநாடாக மாற்றிவிட்டார். வக்கீல் கையில் போனோடு எழுந்தார்.

"நல்ல செய்தி! பங்க் மேனேஜர்கிட்ட நானே பேசிட்டேன். ரொம்ப மரியாதையாப் பேசினான். அன்னைக்கு எடுத்த கேமராப் பதிவு அப்படியே இருக்காம். நாளைக்குக் காலைல எத்தனை பேர் வேணும்னாலும் வந்து பாருங்கங்கறான்."

சேர்மனின் முகத்தில் ஈயாடவில்லை. "கேமராவா? கேமராவுல கலப்படம் எப்படித் தெரியும்?"

"அங்கதான் சார் அவன் வசமா மாட்டறான்! நீங்கதான் பில்லைக் கிழிச்சுப் போட்டுட்டீங்க. பரவால்ல. நீங்க கறுப்புக் குழாயால டீசல் போட்டதை அவன் கேமராவே சாட்சி சொல்லப்போகுது. அப்ப டாங்க்குக்குப் பெட்ரோல் எங்கருந்து வந்துச்சு? பதில் சொல்லட்டுமே!"

கைதட்டல் அடித்தளம் முழுக்க எதிரொலித்தது. இரண்டு கார்களில் போவது என்று முடிவாயிற்று. யார் யார் எந்தக் காரில் என்பதும் முடிவாயிற்று. சங்கச் செயலாளரம்மா மனைவியைப் பார்த்துக் கேட்டாள்: "நீங்களும் அன்னைக்குக் கார்ல இருந்தீங்கள்ல? கண்டிப்பா வாங்க அக்கா."

"வராம?" என்றாள் அவள். "நான்தான் முக்கியமாப் பாக்கணும்."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் சேர்மன் சமையலறை வாசலில் வந்து நின்றார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீ எதுக்கு வரேன்னு சொன்னே?"

"பாக்கத்தான்."

"என்னத்தப் பாக்கப்போறே?"

"உங்க கையை." ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "இத்தனை வருஷமா நேர்ல பாத்தாச்சு. பெரிய டிவில ஒரு தடவை பாக்கணும்னு ஆசை. பச்சைக் குழாய் ஒரு கையில, இன்னொரு கை என் மூஞ்சிக்கு நேரா. சத்தம் கேக்காதாம். வேண்டியதில்ல, வக்கீல் சாருக்குப் புரியும்."

சேர்மன் தண்ணீர் குடித்தார். மறுபடி குடித்தார். கண்ணாடி டம்ளரைத் துடைத்தும் வைத்தார். அந்த வீட்டில் அவர் டம்ளர் துடைத்தது அதுதான் முதல் தடவை.

"எனக்கு ஜுரம்னு சொல்லிட்டா?"

"அவங்க பாத்துட்டு வந்து சொல்லுவாங்க. நீங்க படுத்துக்கிட்டே கேட்டுக்கலாம்."

"வேற என்னதான் பண்றது? சொல்லேன்!"

அவரிடமிருந்து இந்தக் கேள்வி வந்ததே இல்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு சின்ன ஆளுக்கா இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று தன்மேல்தான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"வண்டியை அப்படியே வித்துடுங்க. என் பணத்தை நினைக்காதீங்க. வியாழக்கிழமை நான் பல் டாக்டர்கிட்ட போறேன். பங்க்காரங்க மேல இனிமே ஒரு வார்த்தை வரக்கூடாது. இதுக்குச் சரின்னா, நாளைக்கு நான் வரல, யாரும் போகாமப் பாத்துக்கறது உங்க பாடு. அதுக்கு நீங்க புளுகணும். அதை நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல."

"என் கௌரவம்..."

"அதான் அந்தக் கேமராவுல பத்திரமா இருக்கே."

ஞாயிறு காலை இரண்டு கார்களும் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தன. சேர்மன் இஸ்திரி போட்ட சட்டையில் இறங்கி வந்து, முன் காரின் எதிரே நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினார். முகத்தில் இரவெல்லாம் யோசித்த களை இருந்தது. உண்மையும் அதுதான்.

"நண்பர்களே, ஒரு கேள்வி எனக்குள்ள எழுந்துச்சு. நாம இதை நிரூபிச்சா என்ன ஆகும்? அந்த பங்க்குல நின்னுக்கிட்டே வேலை பாக்கற ஏதோ ஒரு ஏழைக்கு வேலை போகும். என் ஒரு வண்டிக்காக ஒரு குடும்பத்து அடுப்பு அணையணுமா? வேண்டாம். நான் மன்னிச்சுட்டேன்."

முன் காரை ஓட்டவிருந்தவர் இன்ஜினை நிறுத்தினார். பிறகு செயலாளரம்மா கண்களைத் துடைத்துக்கொண்டாள். வக்கீலுக்கு வழக்கு போன வருத்தம் இருந்தாலும், "பெரிய மனுஷன்யா நீங்க!" என்று கட்டிப்பிடித்தார். பிடித்த பிடியில் உற்சாகம் பொங்கி, சேர்மன் தேவைக்கு மேலேயே போய்விட்டார். காரையே துறக்கப்போவதாகவும், வரும் தலைமுறை சுவாசிக்கும் காற்றுக்காக இனிப் பஸ்தான் என்றும் அறிவித்தார். எஸ்டிமேட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த தேர்தலில் அவரையே தலைவராக்க வேண்டும் என்று ஒரு குரல் எழுந்தது. உண்மையான தலைவர் அதைக் கேட்டு, மஞ்சள் காமாலை திரும்பியவர்போல் ஆனார்.

மேலே பால்கனியில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பட்டன் தெறித்ததும் துணியைக் குறை சொன்னார், இப்போது அந்தத் துணியையே மன்னித்தும்விட்டார் மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை சேர்மனும் கூட வந்தார். அவள் கூப்பிடவில்லை. உள்ளே அவள் வாயைத் திறந்து படுத்திருந்தபோது, வெளியே வரவேற்பறைப் பெண்ணிடம் தான் காரைத் துறந்த வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதவு வழியாக ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குக் கேட்டது. பஸ்ஸில் போவது மனசுக்கு எவ்வளவு லேசாக இருக்கிறது என்ற இடத்தில் டாக்டர், "சிரிக்காதீங்க, ஊசி போடணும்," என்றார்.

வேலை முடிந்து அவள் வெளியே வந்தாள். கன்னம் மரத்திருந்தது, வாய்க்குள் பஞ்சு. சேர்மன் துள்ளி எழுந்தார்.

"ஆச்சா? நான் அப்பவே சொன்னேன் பாரு, பல்லு விஷயத்துல தள்ளிப்போடவே கூடாதுன்னு. இந்தப் பொண்ணுகிட்டகூட அதைத்தான் சொல்லிட்டிருந்தேன், எந்த விஷயமானாலும் கவனம்..."

அவள் கைப்பையில் பஸ் காசைத் தேடிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. இடது கையை மட்டும் அவர் முகத்துக்கு நேரே உயர்த்தி, உள்ளங்கையைக் காட்டினாள்.

சேர்மன் நிறுத்திவிட்டார்.