இருபதாவது ஜெர்கின்

பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக ஜிப்பை இறக்கி, நீல ஜெர்கினைக் கழற்றி வென்டலின் கையில் போட்டுவிட்டுப் பயிற்சி அறைக்குள் ஓடினார்கள். தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் நாடாவைத் தாண்டிப் பெற்றோர் போகக்கூடாது. நாடாவுக்கு இந்தப் பக்கம் கழுத்துவரை மூடியிருந்த பிள்ளைகள், அந்தப் பக்கம் வயிறு தெரியும் மினுக்குச் சட்டையும் குட்டைப் பாவாடையுமாக ஆனார்கள். மேடையில் இரண்டரை நிமிடம் அப்படித்தான். மேடையை விட்டு இறங்கிய நொடியில் ஜெர்கின் ஏறியிருக்க வேண்டும். சாப்பாட்டுக் கடையிலும், கழிப்பறை வரிசையிலும், கார் நிறுத்துமிடத்திலும்கூட. பயிற்சியாளர் ட்ரிஷ் வைத்த சட்டம் அது. போன வருடம் ஜிப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு பாப்கார்ன் தின்ற ஒரு பெண்ணை அடுத்த போட்டி முழுக்க உட்கார வைத்துவிட்டாள். அதனால் போட்டிக்கு ஒரு பெற்றோர், முறை வைத்து, எல்லா ஜெர்கினையும் வாங்கிக்கொண்டு மேடையின் பின்வாசலுக்குப் போய்த் தயாராக நிற்க வேண்டும். அமெரிக்காவின் டல்சாவில் நடந்த இந்தச் சியர்லீடிங் ஆட்டப் போட்டிக்கு வென்டலின் முறை.

இதெல்லாம் அவன் மனைவி கோரா செய்துவந்த வேலை. பதினான்கு மாதங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது தலைக்குள் ஏதோ வெடித்து, அவள் குளியலறைத் தரையிலேயே போய்விட்டாள். அவள் இருந்தவரை அந்த வீட்டில் பயப்படுவதும் அவள்தான். கதவு பூட்டியாயிற்றா, அடுப்பு அணைத்தாயிற்றா, பிள்ளை ஏன் இன்னும் வரவில்லை. துணி துவைப்பதும் மதியச் சாப்பாடு கட்டுவதும் அவனிடம் வந்ததைப் போலவே பயமும் வந்து சேர்ந்தது. மற்ற வேலைகளைக் கற்றுக்கொண்டுவிட்டான். இது மட்டும் கைக்குப் பழகவில்லை. எங்கே எவ்வளவு பயப்பட வேண்டும் என்ற அளவு அவனுக்குத் தெரியவில்லை.

இன்று மதியம் மகளோடு எலுமிச்சை ஜூஸ் வரிசையில் நின்றபோதுதான் அது நடந்தது. “ஜூனி, இங்க பாரு,” என்றது ஒரு குரல். ஜூனி திரும்பினாள். முகவாயைத் தூக்கி, மேடையில் சிரிப்பதுபோல அத்தனை பல்லும் தெரியச் சிரித்தாள். பழுப்புத் தொப்பி போட்ட, ஐம்பது வயதிருக்கக்கூடிய ஆள் ஒருவன் கேமராவை இறக்கிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் போனான்.

“யாரும்மா அது?”

“தெரியலப்பா.”

“தெரியாமலா சிரிச்ச?”

“பேர் சொல்லிக் கூப்பிட்டாரே. யார் கூப்பிட்டாலும் சிரிக்கணும்னு ட்ரிஷ் சொல்லியிருக்காங்க. ஜட்ஜுங்க கூட சும்மா நடந்துக்கிட்டிருப்பாங்களாம்.”

அவள் ஜூஸை வாங்கத் திரும்பியபோது முதுகு தெரிந்தது. ஒரு சாண் உயரத்துக்கு, வெள்ளை எழுத்தில், ஜூனி. இருபது ஜெர்கினும் ஒரே மாதிரி, மாறிப்போகக்கூடாதென்று தாய்மார்கள் சேர்ந்து போட வைத்த பெயர்கள். பதினொரு வயதுப் பிள்ளையைக் கழுத்துவரை மூடி, போகிற வருகிறவனெல்லாம் படிக்கும்படி முதுகில் அவள் பெயரை எழுதி அனுப்பியிருந்தார்கள். இந்த வருடம் அளவு பெரிதானதும் புது ஜெர்கினுக்கு எழுத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் அவனேதான்.

உடனே ட்ரிஷிடம் போனான். “பேரை மறைச்சிடலாமா? இன்னைக்கு மட்டுமாவது. ஒரு டேப் ஒட்டினாக்கூடப் போதும்.”

“வென்டல், இன்னும் ஒரு மணி நேரத்துல மேடை. அந்த ஆளு போட்டோ கம்பெனியா இருப்பாரு. எல்லாப் பிள்ளையையும்தான் எடுக்கறாங்க.”

பக்கத்தில் தன் மகளுக்குக் கண் மை தீட்டிக்கொண்டிருந்த மார்லா நிமிராமலே சொன்னாள். “உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா? முதல் போட்டிக்கு நீங்க தனியா வந்து சுவரோரமா நின்னீங்க பாருங்க, செக்யூரிட்டியைக் கூப்பிடலாமான்னு நாங்க நாலு பேர் பேசிக்கிட்டோம். அப்புறம்தான் கோராவோட வீட்டுக்காரர்னு தெரிஞ்சுது.”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

இப்போது பின்வாசலில் நின்றுகொண்டிருந்தான். ஜெர்கின்காரர் மேடையைப் பார்க்க முடியாது. சுவர் வழியாகப் பாட்டின் அதிர்வு மட்டும் நெஞ்சில் வந்து தட்டும். ஆட்டத்தின் நடுவே மேலே தூக்கிப் போடப்படுகிறவள் ஜூனி. எந்த இடத்தில் போடுவார்கள் என்று பாட்டை வைத்து அவனுக்குத் தெரியும். அந்த இடம் வந்தது. கூட்டம் கத்த வேண்டிய நேரத்தில் ஒரு நெடிய மூச்சிழுப்புக் கேட்டது. பிறகு பாட்டு ஓடியது, கைதட்டல், கதவு திறந்தது.

பிள்ளைகள் வியர்வையும் பளபளப்பும் வழிய வந்தார்கள். பெயரைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தான். பத்து, பதினைந்து, பத்தொன்பது. கதவு தானாக மூடிக்கொண்டது. கையில் ஒன்று மிஞ்சியது.

“ஜூனி எங்க?”

மார்லாவின் மகள் ஜிப்பை ஏற்றிக்கொண்டே சொன்னாள். “கை மடங்கிடுச்சு அங்கிள். ஆனா கடைசி வரைக்கும் ஆடிட்டா. இறங்கினதும் அந்தப் பக்கமாவே ஒருத்தர் கூட்டிட்டுப் போனாரு.”

“ஒருத்தர்னா? யாரு?”

“ஸ்டாஃப்னு நினைச்சேன்.” அவள் அவன் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். “அவ பேரு தெரிஞ்சிருந்துது அவருக்கு.”

மேடையைச் சுற்றி ஓடினான். அந்தப் பக்கத்து நடைபாதை ஊர்த் திருவிழாபோல நிறைந்திருந்தது. பெரிய பெரிய ரிப்பன்கள், ஒரே மாதிரி கொண்டைகள், ஒரே மாதிரி சிவப்பு உதடுகள். எந்தத் தலையும் அவள் தலைபோலவே இருந்தது. கத்திக் கூப்பிட வாயைத் திறந்தான். பெயரைச் சொல்லாமலே மூடிக்கொண்டான். கேட்கக்கூடாத காதுகளும் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். இவ்வளவு நாள் முதுகில் எழுதிக் காட்டியது போதாதா? ஜெர்கினை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், எதிரே வந்த ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் குனிந்து பார்த்தபடி ஓடினான். ஒரு தாய் தன் மகளைத் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். அந்தப் பார்வை அவனுக்குப் புரிந்தது. அவனும் இன்று மதியத்திலிருந்து அப்படித்தான் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு காவலாளி கையை நீட்டி மறித்தார். “சார், கொஞ்சம் நில்லுங்க. அது யாரோட ஜெர்கின்?”

“என் பொண்ணோடது.”

“பொண்ணு எங்க?”

“அவளைத்தான் தேடறேன். மேடைல கை மடங்கிடுச்சாம்,” என்றான். காவலாளி அவனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். “கையில அடிபட்ட பொண்ணா? முதலுதவி அறைல ஒரு குட்டி இருக்கு. வாங்க, நானும் வரேன்,” என்றார். கூட வந்தது துணைக்கா காவலுக்கா என்று தெரியவில்லை.

ஜூனி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் ஐஸ் பை. மேலே சாம்பல் நிறத்தில், பெரிய ஆள் போடும் ஜெர்கின் ஒன்று, கழுத்துவரை ஜிப் ஏற்றி, முழங்காலைத் தொட்டுக்கொண்டு.

“சுளுக்குதான்,” என்றாள் நர்ஸ்.

அவன் மகளின் தலையில் கைவைத்தான். “யாரோடதும்மா இது?”

“ஒருத்தர் குடுத்தாரு. நான் வரமாட்டேன், ஜெர்கின் இல்லாம நடந்தா ட்ரிஷ் திட்டுவாங்கன்னு சொன்னேன். உடனே தன்னோடதைக் கழட்டி மாட்டி விட்டுட்டாரு.”

“மத்தியானம் போட்டோ எடுத்தாரே, அவரா?”

யோசித்தாள். “இவருக்குத் தொப்பி இல்ல. தெரியலப்பா. நான் அழுதுக்கிட்டிருந்தேன்.”

“நீங்க பார்த்தீங்களா?”

“நான் ஐஸ் எடுத்துக்கிட்டிருந்தேன் சார். திரும்பினப்ப இவ மட்டும்தான் இருந்தா,” என்றாள் நர்ஸ்.

“இதை வாங்கிக்கத் திரும்ப வரேன்னாரு,” என்றாள் ஜூனி.

வென்டல் ஜிப்பை இறக்கினான். சுளுக்கிய கையை வலிக்காமல் உருவி, அவளுடையதை, உட்புறம் வெளியே இருந்தபடியே, போட்டுவிட்டான். பெயர் உள்ளே முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த மனிதனுக்கு நன்றி சொல்ல வேண்டுமா, அவன் சட்டையைப் பிடிக்க வேண்டுமா? கோராவாக இருந்தால் தெரிந்திருக்கும் என்று நினைத்தான். பிறகு, அவளுக்கும் தெரிந்திருக்காது, தெரியாமலேதான் அவள் அத்தனை வருடமும் இருந்திருக்கிறாள் என்று தோன்றியது.

“கிளம்பலாமே சார். நான் குடுத்துடறேன்,” என்றார் காவலாளி.

“இல்ல. இருக்கேன்.”

சாம்பல் ஜெர்கினை நாற்காலி முதுகில் மாட்டினான். அதன் பையில் ஏதோ கனமாக இருந்ததால் அது ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. கையை விட்டுப் பார்க்கவில்லை. அறைக்கதவில் பனிபடிந்ததுபோன்ற கண்ணாடி. அதன் பின்னால் உருவங்கள் போய்க்கொண்டிருந்தன. சிறியவை, பெரியவை, கூட்டமாகச் சிரிப்பவை. பெரிதாக ஒன்று தெரியும்போதெல்லாம் அவன் மகளுக்கு முன்னால் அரை அடி நகர்ந்தான். அடுத்த அணியின் பாட்டு தொடங்கியது. கண்ணாடிக்கு அப்பால், வெறும் சட்டையோடு, தோள் அகலமான ஓர் உருவம் வந்து நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கதவின் கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது.