கையில் குடியேறிய வயிறு

ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் சூட்டு உருளையில் அவள் வலது கை மாட்டி எட்டு வருஷம் ஆகிறது. புறங்கை வெந்துபோனது. டாக்டரம்மா அவள் அடிவயிற்றுத் தோலைக் கொழுப்போடு, ஒரு பக்கம் மட்டும் வயிற்றிலேயே விட்டு, அறுத்துப் புரட்டி, கையின்மேல் போர்த்தித் தைத்தார். ரத்த ஓட்டம் பிடித்து, டாக்டரம்மா பிரித்துவிடும்வரை மூன்று வாரம் கை வயிற்றோடு ஒட்டியே கிடந்தது. கணவன்தான் ஊட்டிவிட்டான், தலைவாரிவிட்டான். பின்னல் மட்டும் கடைசிவரை அவனுக்குப் பிடிபடவேயில்லை.

கை பிழைத்தது. அவளும் வேலைக்குத் திரும்பி, மேற்பார்வையாளர்கூட ஆகிவிட்டாள்.

இந்த வருஷம் அந்தப் புறங்கை மெத்தென்று மேடிடத் தொடங்கியது. கையுறை ஏற மறுத்தது. புற்றுக்கட்டிதான் என்று தானே முடிவுகட்டிக்கொண்டு, ஒரு மாதம் முழுக்கைச் சட்டையை விரல்வரை இழுத்துவிட்டு மறைத்து வைத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. சாப்பாடு மட்டும் குறையவில்லை. கவலை வந்தால் அவளுக்குப் பசிக்கும்.

ஒருநாள் காலையில் கணவன் பார்த்துவிட்டான்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"நீங்க பயப்படுவீங்கன்னுதான் சொல்லல."

"இப்ப மட்டும் பயப்படலையா? கிளம்பு."

டாக்டரம்மா கையை அமுக்கிப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். பிறகு, "எடை எவ்வளவு ஏறியிருக்கு?" என்றார்.

அவள் முனகினாள். "பதினோரு கிலோ, டாக்டர்," என்று கணவன் போட்டுக்கொடுத்தான்.

"கட்டியெல்லாம் இல்லம்மா. உங்க கைக்குத் தொப்பை போட்டிருக்கு, அவ்வளவுதான்."

ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. டாக்டரம்மா அவள் ஓயும்வரை காத்திருந்தார்.

"உடம்புல எல்லா செல்லுக்குள்ளயும் இருக்கறது அதே மரபணுக்கள்தான். வயித்துல எந்த மரபணு வேலை செய்யணும், எது மூடிக் கிடக்கணும்னு அதுமேல சின்னச் சின்ன ரசாயனக் குறி இருக்கும். செல் ரெண்டாப் பிரியறப்போ, அந்தக் குறியையும் நகல் எடுத்துப் பிள்ளைக்குக் குடுத்துடும்."

"எட்டு வருஷமாவா மறக்கல?"

"அன்னிக்கு நான் தச்ச மேல்தோல் எப்பவோ உதிர்ந்துபோச்சு. இப்ப இருக்கறது அதோட பேரன் பேத்திங்க. பொறந்ததே கையிலதான். இருந்தாலும் வயித்துல இருக்கறதா நினைப்பு. அடியில இருக்கற கொழுப்பும் அப்படித்தான், நீங்க எடை போட்டா தொப்பை மாதிரியே அதுவும் பெருக்கும்."

"எங்க வீட்டுக்கு வந்து பதினஞ்சு வருஷமாச்சு, இவளுக்கே இன்னும் பொறந்த வீட்டு நினைப்புதான்," என்றான் கணவன். அவள் அவன் காலை மிதித்தாள்.

கொழுப்பை அறுத்தும் எடுக்கலாம், எடை குறைந்தால் தானாகவும் வற்றும் என்றார் டாக்டரம்மா. கத்தி வேண்டவே வேண்டாம் என்று அவள் நடையைக் கட்டினாள். தினமும் ஒரு மணி நேரம். ஐந்து மாதத்தில் ஏழு கிலோ இறங்கியது. கையும் கூடவே இறங்கியது.

தன் மாணவர்களுக்கு ஒருமுறை காட்டுவீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். வெளியாட்கள் முன் அந்தக் கையை நீட்டியே பழக்கமில்லாதவள், எப்படியோ தலையாட்டிவிட்டாள். வகுப்பில் முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "வயித்துல கூசற மாதிரி இங்கயும் கூசுமா?"

இத்தனை வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை.

"தெரியலையே. தொட்டுப் பாரேன்."

அந்தப் பெண் ஒரு விரலால் லேசாக வருடினாள். கூசவில்லை. ஆனாலும் கையை நீட்டியவளுக்குச் சிரிப்பு வந்தது.