முப்பதுக்கும் தொண்ணூறுக்கும் இடையில்

ஜூலை மாத முன்னேற்ற அறிக்கையில் மால்டாவுக்கு நேராகப் பூஜ்யம் போட்டிருந்தது. எங்கள் பிரிவில் பூஜ்யம்தான் முழு மதிப்பெண். பிரஸ்ஸல்ஸிலிருந்து வரும் ஐரோப்பிய ஆணைகளில், குறித்த தேதிக்குள் நாம் சட்டமாக்காமல் விட்டவை எத்தனை என்பதுதான் அந்தக் கணக்கு. அமைச்சர் அலுவலகம் பாராட்டாக ஒரு தட்டு பாஸ்டிட்சிப் பலகாரம் அனுப்பியது. நான் இரண்டு சாப்பிட்டேன். நான்கு நாள் கழித்து லெலி ஷிபெராஸ் வந்தார்.

பொர்ம்லாவில் ஒரு கப்பல் பட்டறையில் பதினெட்டு வருடம் கிரேன் ஓட்டியவர். இரட்டை ஷிஃப்ட் முடித்த பிறகு ஓய்வில்லாமல் ஏற மாட்டேன் என்றதற்கு வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். நாற்பத்து மூன்றாம் நாள் தீர்ப்பாயத்தில் புகார் கொடுத்திருக்கிறார். முப்பது நாள் தாண்டிவிட்டது என்று திருப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு தராவிட்டால் கோப்பை மூடிவிடுவார்களாம். அன்றுதான் வெள்ளிக்கிழமை. சட்டம் எழுதிய அலுவலகத்தையே கேட்டுவிடலாம் என்று மூன்று மாடி ஏறி வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஒரே ஒரு கேள்விதாம்மா. எனக்கு எத்தனை நாள்?"

சட்டத்தை எடுத்துப் படித்துக் காட்டினேன். புகார் அளிக்க, முப்பது நாளுக்குக் குறையாமலும் தொண்ணூறு நாளுக்கு மிகாமலும் உள்ள ஒரு காலக்கெடுவை அரசு நிர்ணயிக்க வேண்டும்.

"அது சரி. நிர்ணயிச்சது எத்தனை?"

நிர்ணயிக்கவே இல்லை. அந்த வாக்கியம் பிரஸ்ஸல்ஸ் எங்களுக்கு இட்ட கட்டளை. அதை அப்படியே மொழிபெயர்த்துச் சட்டத்தில் போட்டிருக்கிறோம். எங்கள் அட்டவணையில் இடப்பக்கம் பிரஸ்ஸல்ஸ் ஆணையின் பிரிவு, வலப்பக்கம் நம் சட்டத்தின் பிரிவு. இரண்டும் பொருந்தினால் 'முழுமை' என்று எழுதுவோம். அந்த வரிசையைத் தட்டச்சு செய்தவள் நான். எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்று அப்போது நினைத்ததுகூட ஞாபகமிருக்கிறது. வேறெங்காவது நாளைக் குறித்திருக்கிறோமா என்று இருமுறை தேடினேன். பிறகு, என் தேடலிலும் நம்பிக்கையில்லாமல், மூன்றாம் முறை.

அவரை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். பிரிவுத் தலைவி ஜூடிட்டா மேடம் காலணியைக் கழற்றிவிட்டு மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தார். நான் நீட்டிய சட்டப் பிரிவைப் படித்துவிட்டுக் கண்ணாடியை மேசைமேல் வைத்தார். நான்கு பேர் பார்த்துக் கையெழுத்திட்ட சட்டம், அதில் தானும் ஒருத்தி என்றார். திருத்தம் வர அக்டோபர் ஆகும் என்றார். அதுவரை அவரைக் காத்திருக்கச் சொல்லலாமா என்று நான்தான் கேட்டேன். கேட்ட உடனே வெட்கமாக இருந்தது.

"வேணும்னா ஒரு கடிதம் கொடுக்கலாம் மேடம். சட்டத்துல கெடு எதுவும் குறிக்கலைன்னு."

"கொடுத்தா நாமளே ஒத்துக்கிட்டதா ஆயிடும். பிரஸ்ஸல்ஸுக்கும் சொல்லணும். பூஜ்யம் போயிடும்."

"ஆமா மேடம்."

"பாஸ்டிட்சியத் திருப்பிக் கேப்பாங்களோ?" சிரிக்காமல்தான் கேட்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "சீக்கிரம் டைப் பண்ணு. கோடைநேரம், ஒன்றரைக்குத் தீர்ப்பாயத்துல கதவ மூடிடுவாங்க."

நான்கு வரிக் கடிதம். மூன்று முறை திருத்தினேன். நான்காவது முறை மேடம் என் கையிலிருந்து பிடுங்கிக் கையெழுத்திட்டார்.

லெலி நின்றபடியே வாசித்தார்.

"அப்ப நான் தாமதமா வரலை?"

"இல்ல சார். தப்பு எங்க பக்கம்."

"கிரேன்ல நான் இப்படி அளந்திருந்தா எவன் தலையிலயாவது சுமை விழுந்திருக்கும்," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி வேகமாகப் படியிறங்கினார். மணி ஒன்று பத்து.

புகாரைப் பதிவு செய்துகொண்டதாகத் திங்கட்கிழமை தீர்ப்பாயத்திலிருந்து தொலைபேசி வந்தது. விசாரணை நவம்பரில். அதுவரை அவருக்கு வேலை இல்லை. அதே காலையில் மேடம் கணினியில் 'முழுமை' என்பதைப் 'பகுதி' என்று மாற்றினார். அமைச்சர் அலுவலகம் இரண்டு முறை அழைத்தது. இரண்டு முறையும் அவரே எடுத்துப் பேசினார்.

நான் பழைய அட்டவணைகளை முதல் வரிசையிலிருந்து படித்து வருகிறேன். மொத்தம் அறுபத்திரண்டு. இன்று, புதன்கிழமை மாலை, இதே மாதிரி இன்னொன்று அகப்பட்டது. நாளைக் காலை மேடத்திடம் சொல்ல வேண்டும்.