இரண்டாம் பாகத்துக்குச் சிவப்புச் சீட்டு

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோதே கிறிஸ்டினாவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. சாமியார் அன்றைக்கென்று பார்த்துப் பொறுமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் வைத்துவிட்டார். அவளுடைய பொறுமை போன வாரமே தீர்ந்துபோயிருந்தது. பொன்னேரி கடைத்தெருவில் ஃபயாஸ் நடத்தும் கேம் சென்டரும், அங்கே புதிதாக வந்து இறங்கிய கிட்டார் விளையாட்டின் இரண்டாம் பாகமும்தான் அதற்குக் காரணம்.

அந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடலாம். டிவியில் பாட்டு ஓடும். மேலிருந்து கலர் கலராக வட்டங்கள் இறங்கி வரும். கையில் பிளாஸ்டிக் கிட்டார் இருக்கும். அதில் கம்பி கிடையாது. கழுத்தில் ஐந்து பொத்தான், வயிற்றில் ஒரு பட்டை, அவ்வளவுதான். வட்டம் அடியில் இருக்கிற கோட்டைத் தொடும் நொடியில் அதே கலர் பொத்தானை அமுக்கிப் பட்டையைத் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் பாட்டு ஓடும். தவறினால் 'கொர்' என்று ஒரு அபசுரம் வரும், டிவிக்குள் இருக்கிற கூட்டம் ஊளையிடும். டிவிக்கு வெளியே இருக்கிற கூட்டம் அதைவிடச் சத்தமாக ஊளையிடும்.

ஃபயாஸ் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. முதல் பாகத்தையும் அதன் கிட்டாரையும் துபாயிலிருந்து அவருடைய அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய கடையில் இரண்டு சட்டங்கள் உண்டு. விளையாடியவர்கள் போகும்போது கட்டாயம் ஒரு வரியாவது நோட்டில் கருத்து எழுதவேண்டும். அதிக ஸ்கோர் எடுத்தவரின் பெயரும் கருத்தும் வாசல் கரும்பலகையில் ஏறும். ஏறிய பெயரை ஃபயாஸே நினைத்தாலும் அழிக்க முடியாது. வேறொருவர் விளையாடி அந்த ஸ்கோரைத் தாண்டினால்தான் அழியும். கடை திறந்த நாள் முதல் அப்படித்தான். இதனால்தான் பெரியபாளையத்திலிருந்தெல்லாம் பையன்கள் வந்து போனார்கள்.

முதல் பாகத்தில் பதினான்கு மாதமாகக் கிறிஸ்டினாவின் பெயர்தான் பலகையில் இருந்தது. அவளுக்கு வயது இருபத்துமூன்று. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கு ஒயர் கட்டு செய்கிற கம்பெனியில் கடைசிச் சோதனை மேசை அவளுடையது. கனெக்டர் சரியாகப் பூட்டினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் காதால் கேட்டுத்தான் ஒவ்வொரு கட்டையும் அனுப்புவாள். நன்றாக இருந்தால் பச்சைச் சீட்டு, பழுது என்றால் சிவப்புச் சீட்டு. ஒரு நாளைக்கு நானூறு 'டக்' கேட்கிற காதுக்கு இந்த விளையாட்டு அல்வா சாப்பிடுகிற மாதிரி இருந்தது.

இரண்டாம் பாகம் அப்படி இல்லை. சென்னையிலிருந்து பரசுராமன் என்ற டீலர் அதை வேனில் கொண்டுவந்தார். கூடவே புதுக் கிட்டாரும், சுவரில் மாட்டுகிற தட்டை டிவியும் வந்தன. 2008-இல் பொன்னேரியில் அப்படி ஒரு டிவியை நிறையப் பேர் பார்த்ததுகூட இல்லை. பரசுராமன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். இரண்டு வாரம் கழித்து வந்து வாசல் பலகையைப் போட்டோ எடுப்பார். அதில் நல்ல கருத்து இருந்தால் நோட்டீஸில் போட்டுக்கொண்டு மொத்த செட்டையும் கடைக்கே விட்டுவிடுவார். இல்லையென்றால் செட்டு வேறு ஊருக்குப் போய்விடும்.

போன ஞாயிறு கிறிஸ்டினா ஐந்து முறை விளையாடி ஐந்து முறையும் பாதிப் பாட்டில் தோற்றாள். கூட்டம் ஊளையிட்டது. ஆரம்பாக்கத்திலிருந்து வருகிற ஸ்டீவன் அவளுக்குத் தம்பி மாதிரி. அவனே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான்.

"யக்கா, இந்த பார்ட்டு நமக்கு ஒத்து வராது போலக்குது."

சின்னதுரைக்கு அன்றைக்குத் திருவிழா. உரக்கடையில் வேலை செய்கிற அவன் பதினான்கு மாதமாக இரண்டாம் இடத்தில் இருந்து வெந்துகொண்டிருந்தவன். எப்படியோ தட்டுத் தடுமாறி அறுபத்தோராயிரம் எடுத்துப் பலகையில் ஏறிவிட்டான். நோட்டில் அவன் எழுதிய கருத்தைக் கடையில் எல்லோரும் சத்தமாகப் படித்துச் சிரித்தார்கள்: 'மொத பாகம் பொம்பளைங்களுக்கு. ரெண்டாவது பாகம் ஆம்பளைங்களுக்கு. ரொம்ப கஷ்டம், ஆனா மாஸ்.' நல்ல கருத்துதான் என்று ஃபயாஸும் அதையே பலகையில் எழுதிவைத்தார்.

வாரம் முழுக்க அந்த வரி கிறிஸ்டினாவின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. தோற்றதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். ஆனால் அவளுக்கு அந்த விளையாட்டு பிடித்திருந்தது. பாட்டுகள் முதல் பாகத்தைவிட அருமையாக இருந்தன. புதுக் கிட்டாரின் பொத்தான்கள் வெண்ணெய் மாதிரி இறங்கின. பிடித்த ஒன்று தன்னை ஏன் இப்படி அவமானப்படுத்துகிறது என்பதுதான் விளங்கவில்லை.

புதன்கிழமை சோதனை மேசையில் ஒரு கட்டைப் பூட்டும்போது விளங்கிவிட்டது. கை பூட்டியது, 'டக்' கேட்டது. இரண்டும் ஒரே நொடியில். தட்டை டிவியில் அப்படி இல்லை. ஃபயாஸ் சத்தத்தைத் தனி ஸ்பீக்கர் பெட்டியில் விட்டிருந்தார். டிரம் அடி பெட்டியிலிருந்து முதலில் வந்தது. வட்டம் கோட்டைத் தொட்டது அதற்கப்புறம்தான். கண் சிமிட்டுகிற நேரத்தில் பாதிதான் இருக்கும். ஆனால் கண்ணை நம்பித் தட்டியவன் எல்லாம் பிந்தித்தான் தட்டியிருக்கிறான்.

"கேமு கஷ்டம் இல்ல, டிவி லேட்டு!" என்று மேசையில் ஓங்கித் தட்டினாள். பக்கத்து மேசை செண்பகம் பயந்துபோய் ஒரு பச்சைச் சீட்டைத் தவறவிட்டாள்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிறிஸ்டினா நாஷ்டாகூடச் சாப்பிடாமல் கேம் சென்டருக்கு நடந்தாள். கைப்பையில் ஒரு ஒயர் இருந்தது. கடைத்தெருவில் பிளக்கு வாங்கி, ராத்திரி அவளே ஈயம் வைத்துச் செய்தது. ஒரு முனையை விளையாட்டுப் பெட்டியில் செருகினால் மறுபக்கம் இரண்டு டிவிக்குப் படம் போகும்.

பரசுராமன் கேமராவோடு ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். கிறிஸ்டினா வணக்கம்கூடச் சொல்லாமல் நேராக ஃபயாஸிடம் போனாள்.

"பாய், உள்ள போட்டு வச்சிக்கிற பழைய டப்பா டிவிய எடுங்க. அது சரியா காட்டுது, இந்தப் புது டிவி லேட்டா காட்டுது."

"டிவி லேட்டா காட்டுதா? இன்னாம்மா சொல்ற, அது இன்னா பஸ்ஸா லேட்டா வர்றதுக்கு?"

கடையே சிரித்தது. சின்னதுரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஆடத் தெரியாம டிவி மேல பழி போடுதுபா! தோத்தா தோத்தேன்னு ஒத்துக்கணும், சும்மா பேஜாரு பண்ணிக்கினு..."

"நீ வாய மூடு. உன் கண்ணாலயே பாரு, அப்பறம் பேசு."

ஸ்டீவன்தான் உள்ளே ஓடிப் போய்ப் பழைய டிவியைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்தான். தட்டை டிவிக்குக் கீழே ஸ்டூல் போட்டு அதை வைத்தார்கள். கிறிஸ்டினா ஒயரைச் செருகினாள். இரண்டிலும் படம் கொஞ்சம் மங்கலாக வந்தது, ஆனால் ஒரே படம். பாட்டை ஓடவிட்டாள். கிட்டாரைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

முதலில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஸ்டீவன் வாயைப் பிளந்தான். கீழே டப்பா டிவியில் பச்சை வட்டம் கோட்டைத் தொட்டது, அதே நொடியில் டிரம் அடித்தது. மேலே தட்டை டிவியில் அதே பச்சை வட்டம் இன்னும் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வட்டமும் அப்படித்தான்.

"ஐயோ பாய், மேல இருக்கிறது பின்னாடியே வருதே!" என்றான் ஸ்டீவன்.

ஃபயாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் டிவியை நெருங்கி வந்து பார்த்தார்கள். பரசுராமன் மட்டும் மணி பார்த்தார்.

"பன்னண்டு மணிக்கு கரண்ட் போயிரும். அதுக்குள்ள ஆடிக் காட்டுறேன்," என்று கிறிஸ்டினா தட்டை டிவியின் ஒயரைப் பிடுங்கினாள். பழைய டிவி பளிச்சென்று ஆனது.

அப்புறம் அவள் ஆடியதைக் கடையில் இருந்தவர்கள் ரொம்ப நாள் பேசினார்கள். போன வாரம் ஐந்து முறை அவளைக் கவிழ்த்த அதே பாட்டு. கோபம் அத்தனையும் விரலுக்கு இறங்கியிருந்தது. ஒரு வட்டம் தவறவில்லை. நடுவில் ஒரே ஓட்டமாக நாற்பது வட்டம் கொட்டுகிற இடம் வந்தபோது கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் சிரித்தாள். இந்த விளையாட்டு தன்னை ஏமாற்றவில்லை என்று தெரிந்த சந்தோஷம் அது. பாட்டு முடிந்தபோது இரண்டு லட்சத்து எட்டாயிரம் சொச்சம் இருந்தது. ஸ்டீவன் அடித்த விசில் ரயில்வே கேட்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

பரசுராமன் எழுந்து வந்தார். ஆள் கெட்டிக்காரர், கோபத்தைக் காட்டவில்லை.

"பிரமாதம்மா. இப்ப நீதான் ஃபர்ஸ்ட்டு. பலகைல உன் கருத்துதான் ஏறும், இல்லையா? டிவி, கேம் எல்லாம் சூப்பர்னு ரெண்டு வரி எழுதிடு. உன் போட்டோவ நோட்டீஸ்ல போட்டுடறேன். செட்டு இங்கயே இருக்கும், நீ வாரா வாரம் வந்து விளையாடலாம்."

"டிவி லேட்டு சார். அதையும் எழுதணும்ல?"

"அது யாருக்குமா தெரியப்போவுது? எழுதலைன்னா வேன் வெளியதான் நிக்குது. டிவி, கேம், கிட்டார் எல்லாம் ஒண்ணாத்தான் போகும். யோசிச்சுக்கோ."

ஃபயாஸ் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "கிறிஸ்டினா, கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா. கேம் உனக்கு எவ்ளோ புடிச்சிருக்குன்னு எனக்குத் தெரியும். இன்னும் முப்பது பாட்டு கீது அதுல. டிவி கதைய அப்பறம் பாத்துக்கலாம்."

முப்பது பாட்டு. அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது என்றே சொல்லலாம். ஆனால் கூடவே கம்பெனி சூப்பர்வைசர் குப்புராஜின் முகமும் வந்து நின்றது. ஆறு மாதம் முன்பு அவரும் இப்படித்தான் குழைந்தார். 'அனுசரிச்சுப் போம்மா, யாருக்குத் தெரியும்' என்று நாற்பது பழுதுக் கட்டுக்குப் பச்சைச் சீட்டில் கையெழுத்து வாங்கினார். கட்டுகள் திரும்பி வந்தபோது குப்புராஜ் பேரை எவனும் சொல்லவில்லை. சீட்டில் இருந்தது அவள் கையெழுத்து. எல்லோர் எதிரிலும் வாங்கிக் கட்டிக்கொண்டு அன்றைக்கு ரயிலில் அழுதபடியே வீட்டுக்குப் போனாள். தன் கையெழுத்தைப் பொய்க்குக் கொடுப்பதில்லை என்று அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

கிறிஸ்டினா கைப்பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தாள். கம்பெனிச் சீட்டைப் பார்த்து அவளே சிவப்புத் தாளில் கோடு போட்டுத் தைத்தது. கார்பன் வைத்து நிதானமாக எழுதினாள்.

'பாட்டு: நன்று. கிட்டார்: மிக நன்று. முதல் பாகத்தைவிட இரண்டாம் பாகம் மேல். டிவி: படம் சத்தத்துக்குப் பிந்தி வருகிறது. பழுது. தோற்றவர்கள் மேல் தப்பில்லை. கிறிஸ்டினா, ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்.'

கிழித்துப் பரசுராமன் கையில் கொடுத்தாள். அவர் படித்தார். முகம் சிவந்தது. சீட்டை நாலாகக் கிழித்துத் தரையில் போட்டார்.

"பரவால்ல சார், அது உங்க காப்பி," என்றாள் கிறிஸ்டினா. "எங்க கம்பெனில சிவப்புச் சீட்டு எப்பவும் மூணு. சப்ளையருக்கு ஒண்ணு, ஆபீசுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு." இரண்டாவது சீட்டை ஃபயாஸிடம் நீட்டினாள். மூன்றாவதை மடித்துப் பையில் வைத்தாள்.

பரசுராமன் வேன் டிரைவரைக் கத்திக் கூப்பிட்டார். தட்டை டிவி இறங்கியது. புதுக் கிட்டார் பெட்டிக்குள் போனது. கிறிஸ்டினா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆனாலும் எழுதியதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்பப் பெறத் தோன்றவில்லை. கடையில் யாரும் அவளைத் திட்டவும் இல்லை. சின்னதுரைகூட மெதுவாக, "அப்ப நான் அன்னிக்கு தட்டுத் தடுமாறுனதும் டிவியாலதானா?" என்று ஸ்டீவனிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

சாமானை ஏற்றிவிட்டுத் திரும்பிய பரசுராமன் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். ஃபயாஸ் ஸ்டூல் மேல் ஏறிச் சின்னதுரையின் வரியை அழித்துவிட்டு, சீட்டைப் பார்த்துப் பார்த்துப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். பாகம் இரண்டு, கிறிஸ்டினா, ஸ்கோர், கருத்து. 'பழுது' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருந்தார்.

"இன்னாய்யா இது? கேமே இல்ல, எதுக்குய்யா அது? அழி அத!"

ஃபயாஸ் சாக்பீஸ் தூளை ஊதிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினார். இத்தனை நேரம் குழைந்த குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

"அழிக்க எனக்கு ரைட்டு கிடையாது சார். கடை ரூலு. யாராச்சும் ஆடி அந்த ஸ்கோரத் தாண்டணும், அப்பதான் அழியும்."

"யாரு தாண்டறது? எதுல ஆடித் தாண்டறது?"

"அத நீங்கதான் சொல்லணும். கேமு உங்க வேன்லதானே கீது? எறக்குங்க. டிவி மட்டும் வாணாம்."

பரசுராமன் பலகையைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், கிறிஸ்டினாவைப் பார்த்தார். அவள் அதற்குள் முதல் பாகத்தின் பழைய கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று பார்க்கச் சின்னதுரைக்கு இடம் விட்டு நின்றாள். வேன் கிளம்பிப் போனது. கிட்டார் இறங்கவில்லை.

பலகையில் அந்த எழுத்து இரண்டு வருஷம் இருந்தது. மழையில் மங்கும்போதெல்லாம் ஃபயாஸ் மேலேயே எழுதினார். புதிதாக வருகிறவர்கள், ரெண்டாவது பார்ட்டு எங்க பாய் என்று கேட்பார்கள். "இல்ல," என்று சொல்லிப் பலகையைக் காட்டுவார். "ஆனா அதுல இந்த ஊரு ரெக்கார்டு எங்க கிறிஸ்டினாவுதுதான்."