இருபத்தொன்பது அடிச் சாளை

இல்லை, இல்லை, அகலத்தில் ஒரு வம்பும் இல்லை. கார் வாசலிலேயே சிக்கிக்கொண்டது என்று சூலூர்ப் பக்கம் இன்றைக்கும் சிலர் சொல்வது சுத்தப் புளுகு. இரண்டு பக்கமும் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற இடம் விட்டு, மாப்பிள்ளை மாதிரி மிடுக்காகத்தான் அது வண்டி நிறுத்துகிற சாளைக்குள் நுழைந்தது. வம்பெல்லாம் நீளத்தில். அதுவும் காரின் நீளத்தில் இல்லை, சாந்தாமணியின் பாதத்தில்.

முப்பத்தாறாம் வருஷம், மாசி மாதம். சாந்தாமணியின் வீட்டுக்காரர் ஆறுச்சாமி கோயமுத்தூரில் ஒரு பெரிய கார் பார்த்து வைத்திருந்தார். மில்லில் இருந்த துரை ஒருவர் சீமைக்கே திரும்பிப் போகிறார், காரைக் கொடுத்துவிட்டுப் போகிறார். கறுப்பு நிறம். முன்னால் டிரைவரைத் தவிர இரண்டு பேர், பின்னால் மூன்று பேர், நடுவில் மடக்கி விரிக்கிற சீட்டில் இன்னும் இரண்டு பேர். புருஷன், பெண்டாட்டி, ஐந்து பிள்ளைகள். எண்ணிப் பார்த்துச் செய்த மாதிரி இருந்தது. பழனிக்கு ஒரே வண்டியில் எல்லோரும் போகலாம், ஒருத்தரும் பின்தங்க வேண்டியதில்லை என்று ஒரு மாதமாக அதே பேச்சு.

ஆனால் வீட்டில் கார் நிறுத்த இருந்தது ஒரே ஒரு சாளை. அதற்குள் ஏற்கெனவே ஒரு வில்வண்டி நின்றது.

அந்த வில்வண்டி சாந்தாமணியின் அப்பா அவளுக்குச் சீராகக் கொடுத்தது. காங்கேயத்து ஆசாரி ஒருவர் ஐந்து மாதம் உட்கார்ந்து செய்தது. ஏர்க்காலோடு சேர்த்து ஒன்பது அடி என்பதால் 'ஒம்பதடி வண்டி' என்றே ஊரில் பேர். கல்யாணம் முடிந்து புறப்படும்போது வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, மகளுக்கு முதுகு வலிக்கக்கூடாது என்று கையால் தட்டித் தட்டிப் பார்த்தார் அவள் அப்பா. மாடுகள் நகர்ந்த பிறகும் பின்பலகையைப் பிடித்தபடி ஊர் எல்லை வரைக்கும் நடந்து வந்தார். அடுத்த வருஷம் அவர் போய்விட்டார். சலங்கைச் சத்தமும் வைக்கோல் வாசமும் அந்தப் பலகையும்தான் சாந்தாமணிக்கு மிச்சம்.

மில்லுக்குப் பருத்தி போட மறுபடியும் கோயமுத்தூர் கிளம்பியபோது ஆறுச்சாமி வாசற்படியில் நின்று விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"ரெண்டும் நிக்க எடமிருந்தா ரெண்டும் இருக்கட்டும். இல்லீன்னா வண்டியக் காங்கேயத்து மாரப்பன் கேட்டுக்கிட்டே இருக்கறாரு, குடுத்துப்போடலாம். வெய்யில்லயும் மழையிலயும் நிறுத்துனா அது உளுத்துத்தான் போவும்."

நியாயமான பேச்சுத்தான். சாந்தாமணி தலையை ஆட்டினாள்.

நாலாம் நாள் கார்டு வந்தது. காரின் நீளம் பதினேழு அடி, வண்டி ஒன்பது அடி, ஆக இருபத்தாறு வேண்டும். சாளை எத்தனை அடி என்று அளந்து உடனே எழுது, வெள்ளிக்கிழமைக்குள் துரைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தார்.

சாந்தாமணிக்கு அளப்பது புதிதில்லை. அந்தத் தோட்டத்தில் மஞ்சள் பாத்தியும் வாழைக் குழியும் அவள் அடி வைத்துக் காட்டுகிற கணக்கில்தான் விழும். குதிகாலை ஒட்டிக் கட்டை விரல், கட்டை விரலை ஒட்டிக் குதிகால். ஆட்களே 'அம்மணி அடிக்கு ஆறு, அம்மணி அடிக்கு எட்டு' என்றுதான் பேசுவார்கள். பத்து வருஷமாக ஒரு வாழையும் இடம் பற்றாமல் சாயவில்லை. அடி என்றால் அவளுக்கு அதுதான் அடி.

ஆனாலும் அன்றைக்கு வெறும் தரையில் அவள் அடி வைக்கவில்லை. எண்ணிக்கை தவறிவிடக் கூடாது என்று சாளையைக் கூட்டி, சுவரோரமாக ஒரு பட்டை மட்டும் சாணம் போட்டு மெழுகி, அது ஈரமாக இருக்கும்போதே உள்சுவரிலிருந்து அடி வைத்து வந்தாள். இருபது வரைக்கும் மூச்சே விடவில்லை. இருபத்தாறைத் தாண்டியபோது நின்று வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வாசற்கல்லை மிதித்தபோது இருபத்தொன்பது. பதிந்த தடங்களை மறுபடி விரல் நீட்டி எண்ணினாள். இருபத்தொன்பதேதான். மூன்று அடி மிச்சம் வேறே.

அன்று மதியமே பதில் கார்டு போயிற்று. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் இனிப்பாக ஒப்பிட்டுப் போளி சுட்டதை எதற்கென்று பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை, தின்றதோடு சரி.

மறுவாரம் புதன்கிழமை வெயில் சாயும் நேரத்தில் ஆறுச்சாமியோடு கார் வந்தது. ஓட்டி வந்தவர் கோவிந்தராஜுலு, துரையிடம் எட்டு வருஷம் வேலை பார்த்த டிரைவர். காரோடு அவரும் வந்துவிட்டார் என்றே சொல்லலாம். ஊரே பின்னால் ஓடி வந்தது. கார் வரப்போகிற சேதி கேட்டு மாரப்பனும் ஒரு ஜோடி மாட்டைப் பிடித்துக்கொண்டு காலையிலேயே காங்கேயத்திலிருந்து வந்து புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். இடம் இருக்கிறதென்று சாந்தாமணி அவரிடம் சொன்னதற்கு, 'பாக்கலாமுங்க, வந்தது வந்துட்டேன்' என்று வெற்றிலையை மடித்தார்.

கோவிந்தராஜுலு காரை மெதுவாக உள்ளே விட்டார். முன்விளக்கு வண்டியின் பின்பலகையை முத்துகிற மாதிரிப் போய் நின்றது. இறங்கிப் பார்த்தால் பின்சக்கரமும் அதற்குப் பின்னால் இருந்த பெட்டியும் வெயிலில் நின்றன.

டிரைவர் கார்ப் பெட்டியிலிருந்து துணி டேப் ஒன்றை எடுத்துச் சாளையை அளந்தார். இருபத்தொன்றேமுக்கால் அடி. காரின் நாலேகால் அடிக்கு உள்ளே இடமில்லை.

"இருபத்தொம்பதுங்க," என்றாள் தூணருகே நின்ற சாந்தாமணி. "ரெண்டு வாட்டி எண்ணுனனுங்க."

கோவிந்தராஜுலு மரியாதைக்காரர். அளந்தது எந்த அடியில் என்று பதமாகத்தான் கேட்டார். அவள் சேலைக் கரையைச் சற்றே தூக்கி, வலது பாதத்தை ஓர் அங்குலம் முன்னால் நகர்த்தினாள். அவர் குனிந்து, தொடாமல், டேப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒம்பது இஞ்சுங்க, அம்மணி. அடின்னா பன்னெண்டு இஞ்சுங்க."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மாரப்பன் எழுந்து துண்டை உதறினார். "பொம்பளைங்க பாதத்த நம்பிக் காரு வாங்குன மொத ஆளு நீங்கதானுங்க," என்று ஆறுச்சாமியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, "மாட்டப் பூட்டட்டுங்களா?" என்றார்.

சாந்தாமணி பின்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்லிக் காப்பாற்றியிருந்தால்கூட அவளுக்கு இத்தனை வலித்திருக்காது. உண்மையைத்தான் எழுதினாள். அந்த உண்மைதான் இப்போது வண்டியை அவள் கையிலிருந்து பிடுங்குகிறது.

ஆறுச்சாமி சுவரோரத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்த சாணத்தில் சின்னச் சின்னத் தடங்கள், ஒன்றை ஒன்று தொட்டபடி, உள்சுவரில் தொடங்கி வண்டியை ஒட்டி வாசல் வரைக்கும். வழியில் ஓரிடத்தில் இரண்டு பாதமும் சேர்ந்தாற்போல் அழுந்தப் பதிந்திருந்தது, அவள் திரும்பிப் பார்த்த இடம். கல்யாணத்தன்று இதே வாசலில் இதே வண்டியிலிருந்து இறங்கியபோது, தலை குனிந்திருந்தவளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் பார்த்தது அந்தப் பாதத்தைத்தான். மருதாணி போட்டு, வைக்கோல் துணுக்கு ஒட்டி, படியில் எங்கே வைப்பது என்று தெரியாமல் தயங்கிய பாதம்.

செருப்பைக் கழற்றினார். உள்சுவருக்குப் போய், அவள் தடங்களை மிதிக்காமல் பக்கத்துப் புழுதி மண்ணில், குதிகாலை ஒட்டிக் கட்டை விரலாக அடி வைத்து வந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி எண்ணினார். வாசற்கல்லில் வந்து நின்றபோது இருபத்தாறு.

"என்ர அடிக்கு இருபத்தாறு," என்றார். "காரு பதினேழு, வண்டி ஒம்பது. செரியாத்தான இருக்குது?"

கோவிந்தராஜுலு காரின் வாலைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். "ஏனுங்க, காருக்கு உங்க அடி தெரியாதுங்களே."

"இந்த ஊட்டுக்கு வந்துருச்சல்ல. பழகிக்கும்."

பிறகு மாரப்பன் பக்கம் திரும்பி, வெகு மரியாதையாகச் சொன்னார்: "மாட்டுக்குத் தண்ணி காட்டிப்போட்டு, நீங்களும் ஒரு வாய் சாப்புட்டுப் போங்க. தூரம் போவோணுமல்லங்க."

அதற்கு மேல் அங்கே யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சாந்தாமணி இலை போட உள்ளே போனாள். அன்று பருப்பில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டாள் என்று பின்னாளில் அவளே சொல்வதுண்டு.

காரின் வாலுக்கு மேல் நாலு மூங்கில் நட்டு, தென்னங்கீற்று வேய்ந்தார்கள். கீற்றா வெயிலைத் தடுக்கும்? இரண்டே கோடையில் முன்பக்கம் காக்கை மாதிரிக் கறுப்பாகவும் பின்பக்கம் சாம்பல் பூத்தும் ஆகிவிட்டது. ஒரே காரில் இரண்டு நிறம். பழனிக்கும் பேரூர்த் தேருக்கும் அது போகும்போது, பின்னால் வருகிறவர்கள் நரைத்த வாலைப் பார்த்தே ஆறுச்சாமி வீட்டுக் கார் என்று சொல்லிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு முதலில் வெட்கம். அப்புறம் அதில்தான் பெருமை. வண்டிக்கு மட்டும் ஒரு சொட்டு மழை படவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் சாளை மெழுகும்போது சாந்தாமணி அந்தச் சுவரோரப் பட்டையையும் பக்கத்தில் அவர் தடத்தையும் விட்டுவிட்டுத்தான் மெழுகுவாள். ஒருநாள் மட்டும் கேட்டாள், நிஜமாகவே இருபத்தாறுதானா, இல்லை நடுவில் ஏதாவது கூட்டி எண்ணினீர்களா என்று. "தடம் அங்கயேதான் இருக்குது. வேணுமுன்னா எண்ணிப்பாரு," என்றார் ஆறுச்சாமி. அவள் கடைசிவரை எண்ணவில்லை.

டேப்புக்கு இருபத்தொன்றேமுக்கால். அவருக்கு இருபத்தாறு. அவளுக்கு இருபத்தொன்பது. இந்த மூன்றும் ஒரே சாளைதான், ஒரு செங்கல் கூடவும் இல்லை குறையவும் இல்லை. சரி, இப்போது நீங்கள் சொல்லுங்கள் பார்ப்போம், உங்கள் கணக்கில் அந்தச் சாளை எத்தனை அடி?