நான்காம் தரம்

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் முப்பிடாதிக்கு, வயிற்றில் நான்கு சின்னத் துளைகள் போட்டுப் பித்தப்பையை எடுத்துவிடலாம் என்றுதான் டாக்டர் கரோலின் நினைத்திருந்தாள். கேமரா உள்ளே போனதும் அந்த நினைப்பு போய்விட்டது. பை கறுத்து, சீழ் பிடித்து, குடலோடு ஒட்டிக் கிடந்தது. முக்கால் மணி நேரம் தேடியும் பித்தக்குழாய் எதுவென்று பிடிபடவில்லை. தவறி வெட்டினால் உயிருக்கே ஆபத்து. வயிற்றைத் திறந்துதான் எடுத்தாள்.

பாளையங்கோட்டையிலுள்ள அந்தத் தனியார் மருத்துவமனையில், ஒவ்வொரு பித்தப்பையும் எவ்வளவு கடினமாக இருந்தது என்று ஒன்று முதல் நான்கு வரை தரம் எழுத வேண்டும். கரோலின் நான்கு என்று எழுதினாள்.

மறுநாள் காலை தலைமை மருத்துவர் தேவசிகாமணி கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொல்லவில்லை.

"இத ரெண்டுன்னு மாத்து."

"வீடியோ இருக்கு சார். பாத்துட்டுச் சொல்லுங்க."

"நான் எதையும் பாக்க வேண்டாம். ஒனக்குக் கை வரலங்கதுக்காகத் தரத்தக் கூட்டிப் போடுதியா?"

அவர் ஏன் எரிந்து விழுகிறார் என்று கரோலினுக்குத் தெரியும். ஆறு வாரத்துக்கு முன் முப்பிடாதி வலியோடு வந்தபோது, வாயு என்று மாத்திரை எழுதி அனுப்பியவர் அவர்தான். ஸ்கேன்கூட எடுக்கவில்லை. நான்கு என்று பதிவானால், நோய் இவ்வளவு முற்றியது எப்படி என்று யாராவது அந்தப் பழைய சீட்டைத் தேடுவார்கள். இரண்டு என்றால் பழி முழுவதும் கரோலினுக்கு.

மாற்ற முடியாது என்றாள். சபைப் பள்ளி வாத்தியாரான அவள் அப்பா இந்த வேலைக்காகத் தன் முன்னால் வந்து நின்றதை அவர் சொல்லிக் காட்டினார். அவளுக்கு முகம் எரிந்தது. வெளியே வந்தாள்.

வார்டில் முப்பிடாதியும் முறைத்தாள். "நாலு பொத்தல்னு சொல்லிட்டு வயித்தக் கிழிச்சுப் போட்டிய. எல்லாம் ஒங்க கைக்குத்தம்னு பெரிய டாக்டரே சொல்லிட்டாரு."

கரோலின் பழைய சீட்டைக் கேட்டு வாங்கி, தேதியைக் காட்டி, உள்ளே பார்த்ததை விவரமாகச் சொன்னாள்.

"அப்ப, அன்னைக்கே எடுத்திருந்தா இவ்வளவு வந்திருக்காதா?"

"பெரும்பாலும் வந்திருக்காதும்மா."

அறுவைகளைப் பரிசீலிக்கும் அந்த வாரக் கூட்டத்தில் வெளியூர் மருத்துவர்கள் மூன்று பேர் வீடியோவைப் பார்த்துத் தனித்தனியே தரம் எழுதினார்கள். மூவரும் நான்கு என்றே எழுதியிருந்தார்கள். தேவசிகாமணி பாதியில் எழுந்து போனார். அடுத்த மாத அறுவைப் பட்டியலில் கரோலினின் பெயர் இல்லை.

தையல் பிரித்த அன்று முப்பிடாதி நிர்வாகத்திடம் புகார் கொடுத்தாள். அதில் தேவசிகாமணியின் பெயர் மட்டும் இருந்தது. ஆனாலும், நடையில் எதிரே வந்த கரோலினிடம் ஒரு வார்த்தை பேசாமல், வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு அவள் கடந்து போனாள்.