கழுத்தில் தங்கியது

கடற்பாசி கலந்த பிஸ்கட்டைத் தின்றால் அதிலுள்ள அயோடின் உடம்பில் எவ்வளவு சேருகிறது என்று பார்ப்பதுதான் மருமகளின் ஆய்வுக்கூடத்தில் அப்போது நடந்த வேலை. தின்ன முன்வந்தவர்கள் மீன்வாடை அடிக்கிறது என்று மூக்கைச் சுளித்தார்கள். மாமியார் ஒருத்திதான் முகம் கோணாமல் தின்று, சிறுநீர்ப் புட்டியையும் தவறாமல் நிரப்பிக் கொடுத்தாள். வீட்டில் சும்மா இருப்பவளுக்குப் பொழுது போகட்டும் என்று மருமகள்தான் சேர்த்துவிட்டிருந்தாள்.

சிறுநீரில் அயோடின் ஏறிக்கொண்டே போனது. கொடுத்த பிஸ்கட்டுக்கு இவ்வளவு வர வழியே இல்லை. கருவிக் கோளாறோ என்று திரும்பவும் பார்த்தாள், அதேதான். இதற்குள் மாமியாருக்கு நெஞ்சு படபடத்தது. கை நடுங்கிக் கரண்டி தட்டில் மோதியது.

துணி மடித்து வைக்கப் போன மருமகள், அலமாரியில் இறந்துபோன தன் கணவனின் சட்டைகளுக்கு அடியில் பொட்டலம் பொட்டலமாக அதே பிஸ்கட்டைப் பார்த்தாள். கடையில் வாங்கியது.

"என்னத்தே இது?"

மாமியார் மழுப்பவில்லை. "இந்தப் பாசி எங்கேர்ந்து வருதுன்னு உறையிலயே போட்டிருக்கான். எம்புள்ள போன அதே கடல்."

அவன் படகு கவிழ்ந்த பிறகு, தேடித் தேடி ஓய்ந்து, உடல் கிடைக்காமலே வீடு திரும்பியிருந்தார்கள். மருமகள் பொட்டலத்தோடு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"கையில கிடைக்கல. அந்தத் தண்ணில கரைஞ்சவன் அந்தப் பாசிலயாவது ஒட்டியிருப்பான்ல. வயித்துல வச்சிருந்தவ நான். திரும்ப வந்துரட்டும்."

மறுநாளே மருமகள் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனாள். அளவுக்கு மீறிய அயோடினால் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி தறிகெட்டு ஓடுகிறது, இனிப் பாசியைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்றார் அவர். வீட்டுக்கு வந்ததும் மாமியார் பொட்டலங்களைத் தானே எடுத்துக் கொடுத்தாள். நடுக்கம் மெல்ல அடங்கியது. பேச்சும் கூடவே அடங்கியது. கழிவறைக்குப் போய் வந்தால் எதையோ விட்டுவிட்டு வந்தவள் மாதிரி கதவருகிலேயே நின்றாள்.

ஒரு சாயங்காலம் வாய்விட்டுக் கேட்டாள். "தின்னதெல்லாம் வெளிய போயிருச்சாம்மா?"

பெரும்பகுதி போய்விடும் என்பது மருமகளுக்குத் தெரியும்.

"எல்லாம் போகாதுத்தே. கழுத்து கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கும்."

"எந்த இடத்துல?"

மருமகள் அவள் விரலைப் பிடித்துக் குரல்வளைக்குக் கீழே வைத்தாள். மாமியார் எச்சிலை விழுங்கினாள். விரலுக்கடியில் ஏதோ ஏறி இறங்கியது.

"இருக்கான்," என்றாள்.

மருமகள் இல்லை என்று சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் வேறு பிரிவு கேட்டு மாறிக்கொண்டாள். ஆனாலும் இருவரும் சாப்பிட உட்கார்ந்தால், மாமியார் விழுங்கும் ஒவ்வொரு கவளத்துக்கும் அவள் கண் தானாக அந்தக் கழுத்துக்குப் போய்விடுகிறது.